ஜரிகை தெரியணுமா? பிட்ரேட்டைக் கவனிங்க!

அப்பா - அம்மா கல்யாண வி.சி.டி-யைப் போட்டுப் பார்த்திருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? காஞ்சிபுரம் பட்டுல அம்மா ஜம்முனு நிப்பாங்க. ஆனா, ஜரிகை மின்ன வேண்டிய பார்டர்ல சதுரம் சதுரமா கட்டம்தான் தெரியும். தப்பு தறியில இல்லீங்க, பிட்ரேட்டுல!

விஷயம் சிம்பிள். வீடியோவை கம்ப்ரஸ் பண்றப்போ ஒவ்வொரு ஃப்ரேமையும் முழுசா சேமிக்கிறதில்லை. முந்தின ஃப்ரேமுக்கும் இதுக்கும் என்ன மாறிச்சோ, பெரும்பாலும் அதை மட்டும்தான் எழுதி வைக்கும். மண்டபத்துச் சுவர் மாறாது, இடம் மிச்சம். பட்டுப்புடவை அசைஞ்சா..? ஒவ்வொரு இழையும் மின்னும், எல்லாமே மாறும். வி.சி.டி-யில வீடியோவுக்குக் கிடைச்சதே ஒரு செகண்டுக்கு 1.15 மெகாபிட். பாவம், அது என்ன பண்ணும்? கட்டம் கட்டிடுச்சு.

இன்னிக்கு உங்க கையில 4கே போன். ஆனா, மெமரி ஃபுல்! இந்தக் கணக்கை மனசுல வெச்சுக்குங்க: பிட்ரேட்டை 8-ஆல வகுத்தா, ஒரு செகண்டுக்கு எத்தனை எம்.பி-னு தெரிஞ்சிடும். 8 மெகாபிட்னா செகண்டுக்கு 1 எம்.பி., மணிக்கு 3.6 ஜி.பி. ஐபோன்ல ஹெச்.இ.வி.சி. முறையில 1080பி-க்கு நிமிஷத்துக்கு சுமார் 60 எம்.பி., 4கே-வுக்கு 170 எம்.பி. ஆகும் (ரெண்டுமே 30 ஃப்ரேம்). அஞ்சு மணி நேர முகூர்த்தம்னா, 18 ஜி.பி-யா, 51 ஜி.பி-யா? நீங்களே முடிவு பண்ணுங்க.

எதை எப்படி எடுக்கலாம்? பாட்டி உட்கார்ந்து கதை சொல்றாங்களா? 1080பி தாராளம். பொங்கல் சமயத்துல பார்வேட்டைக்குக் காஞ்சி வரதராஜர் வாலாஜாபாத் வழியா பழையசீவரம் போறாரே, அந்தக் கூட்டம், மாலை, குடை எல்லாம் அசையும். அங்கே கஞ்சத்தனம் வேண்டாம்!

பழைய வி.ஹெச்.எஸ். கேசட்டை மாத்தறீங்களா? 720x576 போதும். 4கே-வா மாத்தினா ஃபைல்தான் குண்டாகும், படம் தெளியாது. ஆனா, சீக்கிரம் மாத்துங்க. வி.சி.ஆர். தயாரிச்சுக்கிட்டு இருந்த கடைசி கம்பெனியான ஜப்பானின் ஃபுனாய், 2016-லயே உற்பத்தியை நிறுத்திடுச்சு. ரிப்பேருக்குப் பார்ட்ஸ் தேடி அலையணும்.

முக்கியமான ஒண்ணு... கம்ப்ரஷன்ல போனது போனதுதான். ஹெச்.டி-யைச் சின்னதாக்கலாம்; சின்னதாக்கினதை மறுபடி பழைய ஹெச்.டி-யா ஆக்க முடியாது. வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பினா வீடியோ சுருங்கிடும்; ‘டாக்குமென்ட்’டா அனுப்புங்க. ஒரிஜினலை ரெண்டு ஹார்டு டிஸ்க்ல போட்டு, ஒண்ணை வேற வீட்டுல வைங்க.

மெமரி பத்தலையா? முதல்ல அந்த ‘குட்மார்னிங்’ வீடியோக்களை அழிங்க பாஸ். தாத்தா குரலை அழிச்சிடாதீங்க!