பாரவண்டிப் பட்டறைக்கு ஏற்ற தூக்கு சாதனங்கள்

கட்டை வண்டிக்கு மை போடும் முறையை நமது விவசாயிகள் யாவரும் அறிவார்கள். வண்டியைத் தூக்கி இருசின் கீழ் முட்டுக்கட்டை கொடுத்து, அது அசையாமல் நிற்கிறதா என்று ஆட்டிப் பார்த்த பிறகே கடையாணியைக் கழற்றிச் சக்கரத்தை இழுப்பார்கள். ஒருவன் தோளால் தாங்கிக்கொண்டிருக்கிறான் என்று நம்பி மற்றொருவன் வண்டிக்கடியில் நுழைவது கிடையாது. இவ்வளவு ஜாக்கிரதையுள்ள நாம், அதைக் காட்டிலும் பன்மடங்கு பாரமுள்ள டிராக்டரையும் டிப்பர் லாரியையும் மட்டும் ஒரேயொரு ஜாக்கியின்மேல் நிறுத்தி, அதன் கீழ் மல்லாந்து படுத்து வேலை செய்வது விந்தையே.

2014-15ஆம் ஆண்டு முதல் மத்திய அரசாங்கத்தின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் இயந்திர வாடகை மையங்களுக்கு மானியம் அளிக்கப்பட்டு வருகிறது. ஜவ்வாது மலையிலும், அதன் அடிவாரமான போளூர், செங்கம், ஆலங்காயம் பக்கங்களிலும் டிராக்டர் வைத்திருப்போர் தங்கள் கொட்டகையிலேயே பழுதுபார்க்க விரும்புவது இயற்கை. ஆனால் இயந்திரம் வாங்குகையில் காட்டும் ஆராய்ச்சியை, அதைத் தூக்கும் சாதனம் வாங்குகையில் எவரும் காட்டுவதாகத் தெரியவில்லை.

முதலில் பாரத்தைக் கணக்கிட வேண்டும். 40 முதல் 50 குதிரைத்திறன் வரையுள்ள டிராக்டர் ஏறக்குறைய 2 டன் இருக்கும். லாரியின் விஷயம் வேறு. நான்கு டயர் கொண்ட பின் இருசு ஒன்றுக்கு அனுமதிக்கப்பட்ட பாரம், 2018ஆம் ஆண்டில் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. அதில் ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினாலும் ஆறு டன்னுக்குச் சமீபமாகிறது. சாதனத்தின்மேல் பொறித்துள்ள அளவு, தூக்கவேண்டிய பாரத்தைப்போல் இரு மடங்காயிருப்பது சிலாக்கியம். ஆகவே டிராக்டருக்கு 5 டன் ஜாக்கி தாராளமாகப் போதும். லாரிக்கு 10 டன்னில் சிக்கனம் பார்க்காமல் 20 டன் வாங்குக. எப்படியாயினும் சரக்கை இறக்கிய பின்னரே தூக்க வேண்டும்.

ஜாக்கியில் திருகு வகை, எண்ணெய் வகை என இரண்டுண்டு. எண்ணெய் ஜாக்கிக்கு நியூயார்க்கில் ரிச்சர்ட் டட்ஜன் என்பவர் 1851இல் காப்புரிமை பெற்றார். சிறு கையசைவால் பெரும் பாரத்தை எழுப்புவது அதன் சிறப்பு. அதன் குறையும் அதிலேயே இருக்கிறது. தூக்கிய பாரம் முழுவதும் ஒரு ரப்பர் வளையத்தையும் ஒரு சிறு வால்வையும் நம்பி நிற்கிறது. அவற்றில் ஒன்று தேய்ந்தாலும் வண்டி ஓசையின்றி இறங்கும். எண்ணெய் குறைந்தால் கைக்குக் கிடைத்த பிரேக் எண்ணெயை ஊற்றும் வழக்கம் அந்த ரப்பரைக் கெடுத்துவிடும். திருகு ஜாக்கியோ மெதுவானது, கையை நோகச் செய்வது; ஆயினும் மரையின் உராய்வே பாரத்தைப் பிடித்துக்கொள்வதால் தானாக இறங்காது. மின்சாரமும் உதிரிச்சாமானும் எளிதில் கிடைக்காத மலைக் கிராமத்திற்கு நான் திருகு வகையையே சொல்வேன். எண்ணெய் வகைதான் வேண்டுமென்பவர்கள், அதைத் தூக்குவதற்கு மாத்திரம் உபயோகித்து, தாங்குவதற்கு வேறு சாதனம் வைத்துக்கொள்க.

அந்த வேறு சாதனம், ஜாக்கி ஸ்டாண்டு எனப்படும் இரும்புத் தாங்கியாகும். விலையில் சிறிது, பட்டறையில் இதைவிட முக்கியமான பொருள் இல்லை. கையிலுள்ள பணம் ஒன்றுக்கே போதுமென்றால் முதலில் ஸ்டாண்டுகளை வாங்கி, ஜாக்கியை இரவல் பெறுக. செங்கல்லையும் சிமெண்டுக் கல்லையும் முட்டுக்கொடுப்பது கூடாது. அவை மரத்தைப்போல் முறுகி ஓசையிட்டு எச்சரிக்காமல் திடீரென நொறுங்கும்.

இனி நிலத்தின் உறுதி. சில ஆண்டுகளுக்குமுன் ஐப்பசி மழையில் அடிவாரத்துக் கொட்டகை ஒன்றிற்கு நான் சென்றிருந்தபோது, டிராக்டரின் பின்பக்கம் ஜாக்கியில் நின்றது. மெக்கானிக் தேநீருக்கு எழுந்து சென்ற கால் நாழிகைக்குள் ஜாக்கி ஈர மண்ணில் ஒருபுறமாக அமிழ்ந்து, வண்டி சாய்ந்து விழுந்தது. ஜாக்கியில் பழுது ஏதுமில்லை. கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். 12 சென்டிமீட்டர் சதுரமான அடித்தட்டின்மேல் 3 டன் வைத்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 21 கிலோ அழுத்தம் விழுகிறது. மழையில் ஊறிய செம்மண் ஒரு கிலோ தாங்குவதே அரிது. 60 சென்டிமீட்டர் சதுரத்திற்குக் கனத்த பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டடுக்கு பரப்பினால், அதே பாரம் ஒரு கிலோவிற்கும் கீழே வந்துவிடும். ஸ்டாண்டின் அடியிலும் இவ்வாறே செய்க. கான்கிரீட் தளம் போட வசதியுள்ளவர்கள், வண்டி நிற்கும் அளவுக்காவது சமமாகப் போட்டுவிடுவது நலம். மலைச்சரிவில் சமதளமே பாதிப் பாதுகாப்பு.

டிராக்டரில் பலர் கவனியாத ஒரு விசேஷமுண்டு. அதன் முன் இருசு நடுவிலுள்ள ஓர் ஆணியில் ஊசலாடும்படி அமைந்தது. மேடுபள்ளத்தில் உழுவதற்கு அது நல்லதே. ஆனால் பின்பக்கத்தைத் தூக்கும்போது என்ஜின் இடமோ வலமோ சாயும். முன் இருசுக்கும் சட்டத்திற்கும் இடையே இரு பக்கமும் மர ஆப்பு அடித்து, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகே ஜாக்கியைத் தொட வேண்டும். கிளட்சு மாற்ற டிராக்டரை இரண்டாகப் பிரிப்போர்க்கு இது இன்றியமையாதது. கலப்பையைத் தூக்கிய நிலையில் விட்டு அதன் கீழ்க் கை நுழைப்பதும், டிப்பரின் தொட்டியை உயர்த்தி அதற்குரிய இரும்பு முட்டைக் கொடுக்காமல் அடியில் செல்வதும் இதே வகைத் தவறுகள்.

என்ஜினைக் கழற்றி எடுக்கச் செயின் கப்பி வேண்டும். டிராக்டருக்கு ஒரு டன், லாரிக்கு இரண்டு டன் கப்பி போதும். ஐ.எஸ். 3832 என்ற இந்தியத் தரக்குறியுள்ளதைக் கேட்டு வாங்குக. நம் மலையில் புளியமரத்துக் கிளையிலும் பலாமரத்துக் கிளையிலும் கப்பியை மாட்டுவதைக் காண்கிறேன். உள்ளே உளுத்துள்ள கிளையை வெளியிலிருந்து அறிய முடியாது. இரும்புக் குழாயாலான முக்காலியே உத்தமம். இரு கட்டுச்சங்கிலிகளை அகல விரித்துக் கட்டுவதும் ஆபத்து. அவை கிடைமட்டத்திலிருந்து 30 பாகை அளவே உயர்ந்திருந்தால், ஒவ்வொரு சங்கிலியும் பாதிப் பாரத்தையல்ல, முழுப் பாரத்தையே சுமக்கிறது.

பெரிய பட்டறைகளில் காணும் மின்சாரத் தூண் தூக்கிகள் நமக்கு வேண்டுவதில்லை. குழி வெட்டுவதும் மழை நீரும் எண்ணெய்ப் புகையும் தங்குமாகையால் மலைக்கு ஏற்றதன்று.

2025 வரை அமலிலிருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, தூக்கு இயந்திரங்களையும் சங்கிலிகளையும் தகுதியுள்ளவரைக் கொண்டு 12 மாதத்திற்கு ஒரு முறையேனும் பரிசோதிக்கச் சொன்னது. சிறு கொட்டகைகள் அச்சட்டத்தின் எல்லைக்குள் வராதிருந்தபோதிலும், வாடகை மையங்களைப் பார்வையிடும் கிராம அதிகாரிகள் கப்பியின் கொக்கி வாய் விரிந்துள்ளதா, சங்கிலி வளையங்கள் நீண்டுள்ளனவா, ஸ்டாண்டுகள் ஜோடியாக இருக்கின்றனவா என்று கேட்டுப் பதிவுசெய்யலாம். ஐயமுள்ளவர்கள் வேளாண்மைப் பொறியியல் துறையின் அருகிலுள்ள அலுவலகத்தில், வாங்குமுன் விசாரித்துக்கொள்க.