உங்களுக்குத் தெரியுமா?

ஆக்லாந்தின் சான்ட்ரிங்ஹாமில் வளரும் பிள்ளை பல் மருத்துவராக வேண்டுமானால், தென் தீவிலுள்ள டனீடனுக்குத்தான் போகவேண்டும். நியூசிலாந்து முழுமைக்கும் ஒரே பல் மருத்துவக் கல்லூரி, அங்கே ஒடாகோ பல்கலைக்கழகத்தில் 1907-ல் தொடங்கியதுதான்!

• கொரோனா பரவலால் 2020 மார்ச் 25 நள்ளிரவில் நாடே முடங்கியது. அவசரச் சிகிச்சை தவிர மற்ற பல் சிகிச்சைகள் நின்றன.

• பெரிய கவலை, பல்லைத் துளைக்கும் கருவி. நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதன் தண்ணீர்ச் சாரலில் எச்சிலும் கலந்து காற்றில் மிதக்கும்.

• பொம்மைத் தலையில் பழகினால் மாணவருக்கு அந்த ஆபத்து இல்லை. ஆனால் பயந்துபோய் நாற்காலிக் கையை இறுகப் பிடிக்கும் மனிதரைப் பொம்மை காட்டாது.

• பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மூடும் ரப்பர் விரிப்பு, எச்சில் தெறிப்பதை வெகுவாகக் குறைக்கும். நியூயார்க்கின் பல் மருத்துவர் சான்ஃபர்ட் பார்னம் 1864-லேயே தந்த காப்பு அது!