ஆட்டிசம் உள்ளவர்களுக்கான ஹோம்: ராத்திரி 2 மணிக்கு அங்கே யார் விழித்திருப்பார்கள்?

எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா, ஜிகனி, அத்திப்பள்ளி. பெங்களூருவில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு நன்றாகப் பழகிய இந்த ஊர்களில் பெரும்பாலானவை ஆனேக்கல் தாலுகாவில்தான் வருகின்றன. உங்கள் அண்ணனுக்கோ தங்கைக்கோ ஆட்டிசம் இருந்து, பெற்றோருக்கும் வயதாகிவிட்டால், ஒரு நாள் இந்தப் பக்கம் ஹோம் தேடி நீங்களே வரவேண்டியிருக்கலாம். அப்போது தோட்டம், யோகா ஹால், சிசிடிவி எல்லாவற்றையும் காட்டுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது ஆட்கணக்கு.

கணக்கு ரொம்ப சிம்பிள். 12 பேர் தங்கும் ஒரு இல்லம் என்று வைத்துக்கொள்வோம். பகலில் நான்கு பேருக்கு ஒரு பராமரிப்பாளர், அதாவது மூன்று பேர், 16 மணி நேரம். இரவில் விழித்திருக்க இரண்டு பேர், 8 மணி நேரம். ஒரு நாளைக்கு 64 மணி நேர வேலை, வாரத்துக்கு 448. ஒருவர் வாரம் 48 மணி நேரம் வேலை செய்தால் ஒன்பது பேருக்கு மேல் வேண்டும். லீவு, காய்ச்சல், பண்டிகை எல்லாம் சேர்த்தால் 11 பேர். ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய் செலவு என்று போட்டால்கூட 2.2 லட்சம். தங்குபவர் ஒருவருக்கு 18,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. சாப்பாடு, வாடகை, சமையல்காரர், டாக்டர் இதில் சேரவில்லை.

ஆக, ‘எல்லாம் சேர்த்து மாசம் 15,000 போதும்’ என்று யாராவது சொன்னால், மீதிப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். நன்கொடை என்றால் சரி. இல்லையென்றால் ஆட்களைக் குறைத்திருப்பார்கள்.

ஆள் குறைந்தால் என்ன நடக்கும்? கதவு பூட்டப்படும். டிவி நாள் முழுக்க ஓடும். சத்தம் தாங்காத ஒருவர் அதனாலேயே கத்துவார். அவரை அடக்க மாத்திரை கூடும். பேச்சு வராத ஒருவர் தலையை முட்டிக்கொள்வது பல்வலியாலா, பசியாலா என்பது அவரோடு இரண்டு வருஷம் இருந்தவருக்குத்தான் தெரியும். அந்த ஆள் வேலையை விட்டுப் போனால் அந்த அறிவும் அவரோடு போய்விடும்.

பணம் கொட்டினால் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை. பிரிட்டனில் பிரிஸ்டல் அருகே இருந்த விண்டர்போர்ன் வியூ மருத்துவமனையில் ஒருவருக்கு வாரம் சராசரியாக 3,500 பவுண்டு வசூலித்தார்கள். ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உள்ளவர்களை அங்கே ஊழியர்கள் அடித்ததை 2011-இல் பிபிசியின் ரகசிய கேமரா காட்டியது. 11 பேர் தண்டிக்கப்பட்டார்கள்.

நம் பக்கத்தில், 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் அன்பு ஜோதி ஆசிரமத்திலிருந்து 140-க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். அது ஆட்டிசத்துக்கான இல்லம் அல்ல. மனநலம் குன்றியவர்களும் ஆதரவற்றவர்களும் இருந்த இடம். உரிய உரிமம் இல்லை என்றார்கள் அதிகாரிகள். அங்கிருந்து பெங்களூரு இல்லம் ஒன்றுக்கு மாற்றப்பட்ட முதியவரைக் காணாமல், சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட வேண்டியிருந்தது. மாநில எல்லை தாண்டி ஒருவரை அனுப்பும்போது யார் பொறுப்பு என்பது காகிதத்தில் இருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் உண்டு. பிரிவு 50-இன்படி பதிவுச் சான்றிதழ் இல்லாமல் இப்படியொரு நிறுவனம் நடத்தக் கூடாது. தர அளவுகளை வகுப்பது மாநில அரசின் வேலை. இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது பிரிவு 5: சமூகத்தில் வாழும் உரிமை. குறிப்பிட்ட ஓர் இடத்தில்தான் தங்க வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. ‘ஹோமில் விடுவது’ பற்றி நாம் பேசும்போது, விடப்படுபவரிடம் கேட்டோமா என்பதே பல வீடுகளில் எழாத கேள்வி.

1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில், 18 வயது தாண்டியவருக்குச் சட்டப்படி காப்பாளரை நியமிக்க மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. பெற்றோர் இருக்கும்போதே விண்ணப்பிப்பது நல்லது.

போய்ப் பார்க்கும்போது சான்றிதழைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். யார் அதிக வருஷமாக வேலை செய்கிறார் என்று விசாரித்து அவரிடமே பேசுங்கள். உங்கள் தங்கைக்குத் தமிழ் மட்டும்தான் புரியும் என்றால் அவருக்கு அது வருமா என்று பாருங்கள். சொல்லாமல் வரலாமா என்றும் கேளுங்கள். ‘இல்ல சார், போன் பண்ணிட்டுத்தான் வரணும்’ என்றால், ஏன் என்று கேட்டுவிட்டு, அடுத்த இடத்தையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.