அடக்கிக்கோங்க மாமா, அடுத்தது நீங்கதான்!

செருப்பை வெளியே விட்டுட்டு என் பின்னாலேயே வாங்க. சத்தம் வேண்டாம். மதுரையில் ஒரு மருத்துவமனையின் அடித்தளம் இது. காலை எட்டு மணிக்கே வேட்டி கட்டிய ஏழு பெரியவர்கள் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலோடு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், இன்னொருவர் கால் மேல் கால் போட்டு இறுக்கிக்கொள்கிறார். மூன்றாமவர் யார் பேச்சு கொடுத்தாலும் சிரிக்க மறுக்கிறார். சிரித்தால் ஆபத்து!

நான்காவது நாற்காலியில் இருப்பவர் என் மாமா. காமயகவுண்டன்பட்டியில் பன்னீர் திராட்சைப் பந்தல் போட்டிருப்பவர். எங்களுக்கு அது கே.கே.பட்டி. புராஸ்டேட் புற்றுநோய் எலும்பில் இரண்டு இடத்துக்குப் போன பிறகுதான் அவருக்குத் தெரியவந்தது. ஆண் ஹார்மோனை அடக்கும் ஊசி ஏற்கெனவே நடக்கிறது. இப்போது இருபது நாள் 'கரண்டு'. கதிர்வீச்சு என்று ஊரில் யார் சொல்கிறார்கள்? "மாமாவுக்குக் கரண்டு வைக்கிறாங்க" என்றால்தான் புரியும். இன்று பதினான்காவது நாள். சனி ஞாயிறு விடுமுறை என்பதால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி வழியாகப் பந்தலுக்கு ஓடிவிடுவார்.

இந்தத் தண்ணீர் விவகாரம் இருக்கிறதே, இங்கே அதுதான் பெரிய திருவிழா. முதலில் சிறுநீரை முழுக்கக் கழித்துவிட்டு வரவேண்டும். பிறகு அரை லிட்டர் தண்ணீர், முக்கால் மணி நேரக் காத்திருப்பு. புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. பை நிறைந்து உப்பினால் சிறுகுடல் மேலே ஒதுங்கிக்கொள்ளும், கதிர் அதன்மேல் அதிகம் படாது. தினமும் ஒரே அளவுக்கு நிறைந்தால்தான் குறி தப்பாது. கோடிக்கணக்கில் விலையுள்ள எந்திரம், கடைசியில் ஒரு பாட்டில் தண்ணீரை நம்பி நிற்கிறது!

முன்னால் போனவருக்குப் பத்து நிமிடம் தாமதம். கூடம் நெளிகிறது. மாமா எழுந்து, ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுக்கிறார்: "சிஸ்டர், முல்லைப் பெரியாறு அணை 142 அடியத் தொட்டாச்சு. ஷட்டரத் தூக்கப் போறாக!" சிரிக்க மறுத்த அந்த மூன்றாமவர் வெடித்துச் சிரித்தார். அடுத்த நொடி வேட்டியைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்கு ஓட்டம். பாவம், அவருக்குத் தண்ணீர் மறுபடி முதலிலிருந்து.

இந்தச் சந்தடியில் நான் கட்டுப்பாட்டு அறைக்குள் நழுவிவிட்டேன். கண்ணாடி, எஃகு என்று விண்வெளி நிலையம்போல எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். நாலு திரைகள், ஒரு மைக், கோப்புகளின் குன்று, பாதி தின்ற முறுக்குப் பொட்டலம், இடுப்பில் பெல்ட் கட்டிய ஒரு டெக்னீஷியன் தம்பி. ஆட்களைத் தூக்கி நகர்த்தியே இடுப்பு போச்சாம். சட்டையில் எல்லோருக்கும் ஒரு சின்ன பேட்ஜ். அவர்கள்மேல் பட்ட கதிரை அது கணக்கு வைத்துக்கொள்கிறது. நோயாளிகள் வருவதற்கு முன்பே இயற்பியலாளர் அம்மா வந்து எந்திரத்தின் அளவைச் சரிபார்த்துவிட்டாராம். "எங்களுக்கு முன்னாடி எந்திரம்தான் தினமும் டெஸ்ட் எழுதும்" என்று தம்பி கண்ணடித்தார்.

மாமா உள்ளே போகிறார். தடித்த கான்கிரீட் சுவர், வளைந்து போகும் வழி. ஏசி குளிரில் பலகை போன்ற கட்டில். இடுப்பில் பச்சை குத்திய மூன்று புள்ளிகள். அந்தப் புள்ளிகளில் லேசர் கோடுகள் உட்கார வேண்டும். "நீங்க நகராதீங்கய்யா, நாங்க நகர்த்திக்கிறோம்" என்று விரிப்பைப் பிடித்து ஒரு நூல் இழுக்கிறார்கள். மாமாவுக்கு உதவாமல் இருக்கத் தெரியாது. அவரும் நகர்கிறார். மறுபடி இழுப்பு. ஒலிபெருக்கியில் இளையராஜா. "ராஜாவோட பண்ணைப்புரம் எங்க ஊருப் பக்கந்தேன்" என்று பதினான்காவது முறையாகச் சொல்கிறார். தம்பியும் முதல்முறை கேட்பதுபோல "அப்படியாய்யா!" என்கிறார். எனக்கு அந்தத் தம்பியை அப்போதே பிடித்துவிட்டது.

எல்லோரும் வெளியே வந்ததும் முதலில் ஒரு ஸ்கேன். கேலி நடப்பது இங்கேதான். மலக்குடலில் காற்று நிறைந்திருந்தால் சுரப்பி இடம் மாறிவிடும், அன்றைக்கு பெயில். போன வாரம் மாமா மொச்சைக் குழம்பு சாப்பிட்டு மாட்டிக்கொண்டார். "போயி ஒரு நடை நடந்துட்டு வாங்கய்யா" என்று இறக்கி அனுப்பிவிட்டார்கள். இன்று பாஸ். பெரிய தலை ஒன்று அவரைச் சுற்றி வருகிறது. ஒரு 'ங்ங்' சத்தம், சில நிமிடம், முடிந்தது. வலி இல்லை, வெளிச்சம் இல்லை. முதல் நாள் "கரண்டு எப்ப வைப்பீக?" என்று கேட்டபடியே இறங்கினாராம்.

பரவிவிட்ட பிறகு நோய் தொடங்கிய இடத்தைச் சுட்டு என்ன பயன் என்று நானும் கேட்டேன். 2018இல் வெளியான 'ஸ்டாம்பீட்' என்ற பிரிட்டிஷ் ஆய்வைச் சொன்னார் மருத்துவர். 2,061 பேர். பரவல் குறைவாக இருந்தவர்களில், சுரப்பிக்கும் கதிர் கொடுத்தபோது மூன்று ஆண்டு கழித்து 81 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், கொடுக்காதபோது 73. அதிகம் பரவியவர்களுக்கு அந்த லாபம் கிடைக்கவில்லை. மாமா இதைத் தன் பாஷைக்கு மாற்றிவிட்டார்: "ஊசி வந்து கொடிக்குத் தண்ணிய நிறுத்துது மாப்ள. கரண்டு வந்து அடிக்கட்டையச் சுடுது." ஆண் ஹார்மோன்தான் இந்த நோய்க்குத் தண்ணீர் என்று மருத்துவர் சார்ல்ஸ் ஹக்கின்ஸ் 1941லேயே காட்டினார், 1966இல் நோபல் பரிசும் வாங்கினார். கே.கே.பட்டி விளக்கம் அதைவிடச் சுருக்கம்.

பக்கத்து நாற்காலி ஆண்டிபட்டிக்காரருக்கு இடுப்பெலும்பு வலி. அவருக்கு ஒரே ஒரு நாள்தான், வலியைத் தணிக்க. "ஒரு நாளா? கொடுத்து வச்சவுக" என்று மாமாவுக்குப் பொறாமை.

எல்லாமே சிரிப்பு இல்லை. மூன்றாவது வாரத்திலிருந்து மூத்திரம் எரிகிறது, இரவில் நாலு தடவை எழுகிறார், மதியம் சுருண்டு படுத்துவிடுகிறார். பேத்தியைக்கூட மடியில் வைக்காமல் தள்ளியே உட்கார்ந்திருந்தார், கரண்டு ஒட்டிக்கொள்ளுமோ என்று. சென்னை அடையாறு புற்றுநோய் மையத்துக்கு 1950களில் வந்த கோபால்ட் கருவிக்குள் கதிரியக்கப் பொருள் எப்போதும் இருந்தது. இந்த எந்திரத்தில் சுவிட்சை அணைத்தால் கதிர் அத்தோடு சரி. உடம்பில் எதுவும் தங்காது என்று தம்பி சொன்ன அன்றே ஊருக்கு வீடியோ கால் போட்டு, "ஞாயித்துக்கிழமை மடி காலி, வா தாயி" என்றார்.

இதோ, வெளியே வந்துவிட்டார். ஓட்டம். திரும்பும்போது முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. கூடத்தில் இன்று புதிதாக ஒருவர், மகன் பக்கத்தில் நிற்க, பாட்டிலை அண்ணாந்து ஒரே மூச்சில் கவிழ்த்துக்கொண்டிருக்கிறார். கை நடுங்குகிறது. காப்பீட்டு அட்டை, ஸ்கேன் உறை எல்லாம் மடியில் சரிகின்றன. பஸ்ஸுக்கு நேரமாச்சு மாமா என்கிறேன். காதில் விழாததுபோல அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பாட்டிலை மெதுவாக இறக்கி வைக்கிறார்.

"அண்ணே, மடக்கு மடக்காக் குடிங்க. 142 வர இன்னும் முக்கா மணி நேரம் கெடக்கு."