கொச்சிக்கு வந்த கோவைக்காரர்

தேர்தலில் தோற்ற ஆர்.கே. சண்முகம் செட்டியாருக்குத் திவான் பதவி தந்து மறுவாழ்வு அளித்தது கொச்சி. அங்கிருந்து அவர் போன தூரம் அதிகம். கூடவே வந்த கேள்வியும் பெரியது.

மட்டாஞ்சேரியின் கொச்சங்காடியில் யாரையும் அந்நியர் என்று ஒதுக்கிவிட முடியாது. 1344இல் யூதர்கள் இங்கே ஜெப ஆலயம் கட்டினார்கள். ஆலயம் அழிந்துவிட்டது, அதன் கல்வெட்டு மட்டும் யூதத் தெருவில் இருக்கும் பரதேசி ஆலயச் சுவரில் எஞ்சியிருக்கிறது. இங்குள்ள பழைய மசூதியின் பெயர் செம்பிட்ட பள்ளி. செம்புத் தகடு போர்த்திய பள்ளிவாசல் என்று அர்த்தம். தமிழருக்கு அகராதி தேவைப்படாத மலையாளம். காயல்பட்டினத்து நயினாமார்களும் கொச்சிக்கு வந்து தங்கியவர்களே.

வணிகம் செய்ய வந்தவர்களை ஏற்றுக்கொண்ட இந்தச் சமஸ்தானத்துக்கு 1935இல் நிர்வாகம் செய்ய வந்தார் ஒரு தமிழர். வந்தபோது அவர் தோற்றுப்போன அரசியல்வாதி.

1892இல் கோவையில் பிறந்த சண்முகம் செட்டியார், அந்நகராட்சியில் தொடங்கி 1920இல் சென்னை மாகாண சட்டசபைக்குப் போனவர். நீதிக்கட்சியிலிருந்து சுயராஜ்யக் கட்சிக்கு மாறி, டெல்லி மத்திய சட்டசபையில் நுழைந்தார். 1933இல் அதன் தலைவரானார். இதற்கிடையே ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் மாநாடுகள், 1932இல் கனடாவின் ஒட்டாவாவில் பேரரசுப் பொருளாதார மாநாடு என்று வெளிநாட்டு மேடைகளும் பழகிவிட்டன.

ஒட்டாவாதான் வினையாயிற்று. பிரிட்டிஷ் சரக்குகளுக்கு வரிச்சலுகை தரும் ஒப்பந்தத்துக்குத் துணைபோனவர் என்று காங்கிரஸ் அவரைச் சாடியது. 1934 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளர் சாமி வெங்கடாசலம் செட்டியிடம் தோற்றார். வெளிநாட்டில் சம்பாதித்த பெயர் உள்நாட்டில் செல்லவில்லை.

மறு ஆண்டே கொச்சி அழைத்தது. திவானுக்கு ஓட்டு வேண்டாம். மகாராஜாவின் நம்பிக்கை போதும்.

துறைமுகமும் மின்சாரமும்

அப்போது ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலப் பொறியாளர் காயலைத் தூர்வாரித் துறைமுகம் அமைத்துக்கொண்டிருந்தார். 1928இலேயே உள்துறைமுகத்துக்குக் கப்பல் வந்துவிட்டது. ஆனால் ஒரே துறைமுகத்துக்குப் பல எஜமானர்கள். மட்டாஞ்சேரி கொச்சி ராஜாவுடையது. அடுத்த தெருவான ஃபோர்ட் கொச்சி பிரிட்டிஷாருடையது. திருவிதாங்கூருக்கும் பங்கு உண்டு. மாநாடுகளில் பேரம் பேசிப் பழகியவர் திவானாக இருந்த காலத்தில், 1936இல், கொச்சி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது.

அதே ஆண்டு திருச்சூரில் மின்விநியோகத்தைத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்க அவரது அரசு முடிவு செய்தபோது ஊரே எதிர்த்து நின்றது. கிளர்ச்சியின் முன்னணியில் நின்ற இக்கண்ட வாரியர் பின்னாளில் கொச்சியின் பிரதமரானார். அரசு பணியவில்லை. ஆனால் மக்களைக் கேட்காமல் எடுத்த முடிவு, கேட்கும் பழக்கத்தை மக்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது.

1938இல் சீர்திருத்தம் வந்தது. கிராம முன்னேற்றம் சார்ந்த துறைகள், சட்டசபைக்குப் பதில் சொல்லும் அமைச்சரிடம் போயின. அம்பாட்டு சிவராம மேனோன் முதல் அமைச்சர். சமஸ்தானங்களில் இது முன்னோடி முயற்சி. முக்கிய அதிகாரம் மட்டும் திவான் கையிலேயே தங்கியது.

யாருடைய பிரதிநிதி?

அதே 1938இல் சர்வதேச சங்கத்தில் இந்தியப் பிரதிநிதியாக மீண்டும் ஜெனீவா. 1941இல் திவான் பதவி முடிந்ததும், போர்க்காலக் கொள்முதல் குழுவின் தலைவராக அமெரிக்கா. 1944 ஜூலையில் பிரெட்டன் உட்ஸ். 44 நாடுகள் கூடி சர்வதேச நிதியத்தையும் உலக வங்கியையும் உருவாக்கிய இடம் அது.

இந்தியக் குழுவின் தலைவர் ஜெரமி ரெய்ஸ்மன் ஓர் ஆங்கிலேயர். சி.டி. தேஷ்முக், ஏ.டி. ஷ்ராஃப், செட்டியார் ஆகியோர் இந்திய உறுப்பினர்கள். போருக்குச் சரக்கு கொடுத்த வகையில் பிரிட்டன் இந்தியாவுக்குத் தர வேண்டிய கடன் ஏறிக்கொண்டே போனது. போர் முடிந்தபோது அது 100 கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது. இதற்கு நிதியத்தின் மூலம் வழி காண வேண்டும் என்று இந்தியக் குழு வாதாடியது. அது எங்கள் இரு நாடுகளின் விவகாரம் என்று பிரிட்டனின் கெய்ன்ஸ் கதவைச் சாத்தினார். ஏழை நாடுகளின் வளர்ச்சியை நிதியத்தின் நோக்கங்களில் சேர்க்கச் சொன்னதற்கும் அரைகுறைப் பலன்தான்: எல்லா உறுப்பு நாடுகளின் வளங்களையும் வளர்ப்பது என்று பொதுப்படையாக எழுதப்பட்டது. கிடைத்த லாபம் 40 கோடி டாலர் பங்கு, ஆறாவது இடம். சோவியத் யூனியன் சேராததால் இந்தியா முதல் ஐந்து நாடுகளில் ஒன்றாகி, நிர்வாகக் குழுவில் தன் ஆளை நேரடியாக நியமிக்கும் உரிமை பெற்றது.

ஒட்டாவாவில் பிரிட்டனுக்கு இணங்கியவர் என்று தோற்கடிக்கப்பட்டவர், 12 ஆண்டுகளில் பிரிட்டனிடம் கடனைக் கேட்ட குழுவில் இருந்தார். இரண்டு இடங்களுக்கும் அவரை அனுப்பியது வெள்ளைக்கார அரசுதான், மக்கள் அல்ல. அடிமை நாட்டின் ராஜதந்திரியின் நிலை அது. திறமை அவருடையது, அதிகாரம் இன்னொருவருடையது.

1947இல் அந்த முரண்பாடு தீர்ந்தது. காங்கிரஸ்காரர் அல்லாத அவரையே நேரு சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சராக்கினார். நவம்பர் 26 அன்று முதல் பட்ஜெட்டை வைத்தார்: வரவு 171 கோடி ரூபாய், செலவு 197 கோடி. பதவி ஓராண்டே நிலைத்தது. வருமான வரி விசாரணைப் பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்ட சர்ச்சையில் 1948 ஆகஸ்டில் விலகினார். இம்முறை பதில் சொல்ல வேண்டியிருந்தது மகாராஜாவிடம் அல்ல, அவையிடம்.

1943இல் தோன்றிய தமிழிசைச் சங்கத்தின் முதல் தலைவர், சிலப்பதிகாரப் புகார்க் காண்டத்துக்கு உரை கண்டவர் என்று தமிழகம் அவரை நினைவுகூரக் காரணங்கள் உண்டு. 1953 மே 5 அன்று மறைந்த அவருக்குக் கொச்சி தன் பங்குக்கு ஒரு சாலை தந்திருக்கிறது: எர்ணாகுளத்தின் சண்முகம் ரோடு. காயலில் மண்ணிட்டு நிலம் எடுப்பதற்கு முன் அதுதான் கரையோரச் சாலை. எதிரே, நீருக்கு அப்பால், அவர் காலத்தில் வளர்ந்த துறைமுகம்.