பெயர்ப் பலகை இருக்கிறது, கணக்குப் பலகை எங்கே?

நெய்யக் கொடுத்த பட்டும் சரிகையும் திரும்பவில்லை என்றோ, எடுத்துப்போன சேலைக்குப் பணம் வரவில்லை என்றோ காஞ்சிபுரத்தில் ஒருவர் காவல் நிலையப் படியேறினால், பெரும்பாலும் அவர் கைக்கு முதலில் வருவது எஃப்.ஐ.ஆர். அல்ல, சி.எஸ்.ஆர். ரசீது. ஓர் எண், ஒரு தேதி, நிலையத்தின் முத்திரை. புகார் வாங்கப்பட்டது என்பதற்கு அது அத்தாட்சி; வழக்கு பதிவானது என்பதற்கு அல்ல. இதற்குச் சட்டமும் ஓரளவு இடம் தருகிறது. கைது செய்யத்தக்க குற்றம் என்றால் வழக்குப் பதிந்தே ஆகவேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், வணிகத் தகராறு போன்ற சிலவற்றில் மட்டும் முதற்கட்ட விசாரணையை அனுமதித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவோ, மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்கு, டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் விசாரித்துப் பார்க்கலாம் என்கிறது. நம்பிக்கை மோசடி இந்த வரம்புக்குள்தான் வருகிறது. ஆக, ரசீதுக்கும் வழக்குக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. அதில் எத்தனை புகார்கள் வழக்காகின்றன, எத்தனை ‘பேசி முடித்து’ அனுப்பப்படுகின்றன என்பதுதான் ஒரு நிலையத்தின் வேலையை அளக்கும் முதல் கணக்கு. ஊருக்குத் தெரியவேண்டிய அந்தக் கணக்கை ஊருக்குச் சொல்லும் கட்டாயம் யாருக்கும் இல்லை.

காவல்துறை எதையுமே வெளியிடுவதில்லை என்று சொல்லிவிட முடியாது. யூத் பார் அசோசியேஷன் வழக்கில் 2016 செப்டம்பர் 7 அன்று வந்த தீர்ப்புப்படி, எஃப்.ஐ.ஆர். பதிவான 24 மணி நேரத்துக்குள் இணையதளத்தில் ஏறவேண்டும். பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. சன்ஹிதாவின் 37ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. கைதானவரின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கச் சொல்கிறது. காவலில் எடுக்கப்பட்டவர் காணாமல் போய்விடக் கூடாது என்ற நல்ல நோக்கம் அதன் பின்னால் இருக்கிறது. ஆனாலும் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கோணல் தெரிகிறது. குற்றம் நிரூபிக்கப்படாதவரின் பெயரும் வீட்டு விலாசமும் பொதுவில் வருகின்றன. அவரைப் பிடித்த நிலையம் அந்த மாதம் எத்தனை புகார் வாங்கியது, எத்தனையைப் பதிந்தது, எத்தனையை முடித்தது என்பது வருவதில்லை. மக்களைப் பற்றிக் காவல்துறை எழுதுவது திறந்திருக்கிறது, காவல்துறையைப் பற்றிய கணக்கு மூடியிருக்கிறது. நியாயப்படி இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் தொகுக்கும் புள்ளிவிவரம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் காலம் கடந்து வருகிறது: 2022ஆம் ஆண்டின் கணக்கு 2023 டிசம்பரிலும், 2023ஆம் ஆண்டின் கணக்கு 2025 செப்டம்பர் இறுதியிலும்தான் வெளியாயின. நகரங்களைத் தனியாகக் காட்டும்போது 20 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ளவற்றையே எடுத்துக்கொள்வதால், தமிழ்நாட்டில் சென்னைக்கும் கோவைக்கும்தான் அங்கே இடம். 2021இல் மாநகராட்சியான காஞ்சிபுரம் மாவட்டத் தொகைக்குள் கரைந்துவிடுகிறது. அந்த மாவட்டமும் ஒரே எல்லையில் நிற்கவில்லை. 2019 நவம்பரில் செங்கல்பட்டு பிரிந்தது. 2022 தொடக்கத்தில் தாம்பரம், ஆவடி ஆணையரகங்கள் உருவானபோது மேலும் சில நிலையங்கள் கைமாறின. எல்லை மாறியதைக் கவனிக்காமல் 2018ஐயும் 2022ஐயும் அருகருகே வைத்து, காஞ்சிபுரத்தில் குற்றம் சரிந்துவிட்டது என்று ஒருவர் மார்தட்டவும் முடியும். சிவகாஞ்சி, விஷ்ணுகாஞ்சி என்று நிலையவாரியாக, மாதவாரியாக வெளியிட்டால்தான் இப்படிப்பட்ட கண்கட்டுக்கு இடமிருக்காது.

இதற்கு வரும் முதல் மறுப்பு அந்தரங்கம் பற்றியது. கேட்பது யாருடைய பெயரையும் அல்ல, எண்ணிக்கையை மட்டுமே. பாலியல் குற்றம் போல எண்ணிக்கையே ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய இடங்களில் மாவட்ட அளவில் சேர்த்துச் சொன்னால் போதும். சிகாகோ நகரம் 2001 முதலான குற்றப் பதிவுகளைப் பொதுவில் வைத்திருக்கிறது. கடைசி ஏழு நாட்களை மட்டும் நிறுத்திவைத்து, கதவு எண்ணை மறைத்துத் தெருப்பகுதியை மட்டும் காட்டுகிறது. புலன்விசாரணை கெடும் என்பது அடுத்த மறுப்பு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(h) பிரிவு அதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் விசாரணை நடக்கிறது என்பதே மறுப்பதற்குக் காரணமாகாது, தகவல் தந்தால் எப்படித் தடைபடும் என்று காட்டவேண்டும் என்று பகத் சிங் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2007இலேயே சொல்லிவிட்டது. குற்றப்பத்திரிகைகளை இணையத்தில் ஏற்றத் தேவையில்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்ததும் இந்த வாதத்தைத் தொடாது. வழக்கின் தாள் வேறு, வழக்குகளின் தொகை வேறு.

கனமான மறுப்பு ஒன்று உண்டு. எண்ணிக்கை பலகையில் ஏறினால், அதைக் குறைத்துக் காட்டுவதற்காகவே வழக்குப் பதியாமல் விடுவார்கள் என்பது அது. பயம் நியாயமானது. குற்றம் கூடுவதும் பதிவு கூடுவதும் ஒன்றல்ல என்று ஆவணக் காப்பகமே எச்சரிக்கிறது. எஃப்.ஐ.ஆர். எண்ணிக்கையை மட்டும் போட்டால் இந்த ஆபத்து நேர்ந்தே தீரும். அதனால்தான் பக்கத்திலேயே சி.எஸ்.ஆர். எண்ணிக்கையும் வேண்டும். ரசீது ஏறி வழக்கு ஏறாவிட்டால் மூடி மறைப்பது வெளியே தெரிந்துவிடும். ரசீதே தராமல் அனுப்பும் நிலையத்தை இதுவும் பிடிக்காது என்பது உண்மை. ஆனால் பக்கத்து நிலையத்தோடு ஒப்பிடும்போது அந்தக் குறைவே கேள்வியாகும். எண்ணோடு சூழலும் சேரவேண்டும். 2019 ஜூலை 1 முதல் 48 நாட்கள் விஷ்ணுகாஞ்சிக் கோயிலில் அத்திவரதரைக் காண ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அந்த நாட்களின் விஷ்ணுகாஞ்சிக் கணக்கை மற்ற மாதங்களோடு வெறுமனே ஒப்பிட்டால் தவறான முடிவுதான் கிடைக்கும். அதற்கு மருந்து, கணக்கை மறைப்பது அல்ல. காரணத்தையும் ஒரு வரி எழுதி வைப்பது.

வேலைப்பளு கூடும் என்ற வாதமும் நிற்காது. நிலையங்கள் கணினி வலையமைப்பில் இணைந்திருக்கின்றன, எஸ்.பி. நடத்தும் மாதாந்திரக் குற்ற ஆய்வுக் கூட்டத்துக்கு நிலையவாரிக் கணக்கு எப்படியும் போகிறது. மேலே போகும் தாள் வெளியேயும் வரவேண்டும், அவ்வளவுதான். இதே மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில், சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன், வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி தேர்வாகக் கூடாது என்று கல்லில் வெட்டினார்கள். அது எல்லோருக்குமான சபை அல்ல. அந்தணர் ஊரின் சபை, சொத்தும் கல்வியும் தகுதியாக வைத்தது. அத்தனை குறுகிய வட்டத்துக்குள்ளும், கணக்கு மேலதிகாரிக்கு மட்டும் உரியதல்ல என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்குக் கல்வெட்டு வேண்டாம். கைதானவர் பெயரை மாட்டச் சட்டம் சொல்லும் அதே பலகையில், மாதம் ஒரு தாள் அதிகமாக ஒட்டினால் போதும்: வந்த புகார், பதிந்த வழக்கு, முடித்த மனு, நிலுவை. கையில் சி.எஸ்.ஆர். ரசீதோடு வெளியே வருபவர், அந்த நான்கு எண்களில் தன்னுடையது எதில் சேரும் என்று நின்று பார்க்கட்டும்.