ஒளி கூடினால் வழி தெரியுமா?

இரவுப் பயணம் இன்று நம் வாழ்வோடு இரண்டறக் கலந்துவிட்டது. விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்வதும், உறவினர் திருமணத்திற்குப் புறப்படுவதும், வேளாங்கண்ணித் திருவிழாவிற்குக் குடும்பத்துடன் கிளம்புவதும் பெரும்பாலும் இரவில்தான். வெயிலின் கொடுமையும் பகல் நேர நெரிசலும் நம்மை இரவை நாடச் செய்கின்றன. அவ்வாறு செல்லும்போது, "காரின் லைட்டு போதவில்லை, பவர் பல்பு மாற்றவேண்டும்" என்று பெரியவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்கிறோம். உதிரிப்பாகக் கடைக்குச் சென்றால், "இதைப் போட்டால் பகல் மாதிரி இருக்கும்" என்று ஒரு பெட்டியை எடுத்துக் கொடுக்கிறார்கள். அப்பெட்டியை வாங்குமுன் நாம் அறிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. அவற்றை நம் இயற்பியல் பாடத்தின் துணைகொண்டு இங்கே காண்போம்.

விளக்கு வளர்ந்த வரலாறு

தொடக்க காலக் கார்களில் எண்ணெய் விளக்குகளும், கார்பைடுக் கல்லில் நீர் சொட்டி எழும் அசிட்டிலின் வாயுவால் எரியும் விளக்குகளும் இருந்தன. 1912 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் மின்சாரத்தால் என்ஜினைக் கிளப்பும் கருவியும் மின்விளக்குகளும் ஒருங்கே பொருத்தப்பட்டன. 1962 இல் ஹாலஜன் விளக்கு ஐரோப்பாவில் கார்களுக்கு வந்தது. சாதாரண பல்பில் டங்ஸ்டன் இழை ஆவியாகிக் கண்ணாடியைக் கறுக்கச் செய்யும். ஹாலஜன் வாயுவோ அவ்வாறு ஆவியான டங்ஸ்டனை மீண்டும் இழைக்கே கொண்டு சேர்க்கும். ஆகவே இழையை அதிகச் சூட்டில், அதிக ஒளியுடன் எரிக்க முடிந்தது. 1971 இல் இரண்டு இழைகள் கொண்ட எச்-4 என்னும் ஹாலஜன் பல்பு வந்தது. நம் நாட்டுச் சாலைகளில் இன்றும் எண்ணற்ற வாகனங்களில் எரிவது இதுவே. 1991 இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கார் ஒன்றில் செனான் விளக்கும், 2007 இல் ஜப்பானின் லெக்சஸ் கார் ஒன்றில் எல்.இ.டி. முகப்பு விளக்கும் இடம்பெற்றன.

விளக்கினுள்ளே நடப்பது என்ன?

குழியாடியின் குவியத்தில் ஒளிமூலத்தை வைத்தால் கதிர்கள் இணையாகத் திரும்பும் என்று நாம் படித்திருக்கிறோம். முகப்பு விளக்கின் அடிப்படையும் அதுவே. எச்-4 பல்பிலுள்ள இரு இழைகளில் ஒன்று குவியத்தில் அமைந்திருக்கிறது. அது எரியும்போது ஒளி நேராக நெடுந்தூரம் பாயும். இதனையே ஓட்டுநர்கள் 'பிரைட்' என்கிறார்கள். மற்றோர் இழை குவியத்திற்குச் சற்று முன்னால் இருக்கிறது. அதன் அடியில் சிறிய உலோகக் கிண்ணம் ஒன்று தாங்கி நிற்கும். அக்கிண்ணம் கீழ்நோக்கிச் செல்லும் கதிர்களைத் தடுத்துவிடுகிறது. மேற்பாதி ஆடியில் படும் கதிர்கள் மட்டும் திரும்பிச் சாலையை நோக்கித் தாழ்ந்து விழும். இதுவே 'டிம்'.

டிம் ஒளியைச் சுவரில் பாய்ச்சிப் பார்த்தால் மேலே இருளும் கீழே ஒளியுமாக ஒரு கோடு தெளிவாகத் தெரியும். நம் நாட்டைப் போல் இடப்புறம் செல்லும் நாடுகளுக்குரிய விளக்குகளில், அக்கோடு வலப்புறம் தாழ்ந்தும் இடப்புறம் சற்றே உயர்ந்தும் இருக்கும். வலப்புறம் தாழ்ந்திருப்பது எதிரே வருபவரின் கண்ணைக் காப்பதற்காக. இடப்புறம் உயர்ந்திருப்பது சாலையோரம் நடப்பவரை நாம் காண்பதற்காக. இவ்வளவு நுட்பமும் இழை இருக்கும் இடத்தைப் பொறுத்தது. இழை ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் ஒளியின் வடிவம் குலைந்துவிடும்.

முன்பெல்லாம் விளக்கின் கண்ணாடியில் மேற்பாதிக்குக் கறுப்பு வண்ணம் பூசும் வழக்கம் நம் நாட்டில் இருந்தது. எண்ணம் நல்லதே. ஆனால் எச்-4 விளக்கில் டிம் ஒளி புறப்படுவதே மேற்பாதியிலிருந்துதான். அதனை மறைத்தால் சாலைக்கு வேண்டிய ஒளியைத்தான் இழப்போம்.

பவர் பல்பின் கணக்கு

அங்கீகரிக்கப்பட்ட எச்-4 பல்பு பிரைட்டில் 60 வாட், டிம்மில் 55 வாட். கடையில் கிடைக்கும் பவர் பல்பு 100 வாட், 90 வாட் என்றிருக்கும். 60 வாட் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்ளும். 100 வாட் பல்போ 8.3 ஆம்பியர் எடுக்கும். கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், அதே வயரில் வெப்பம் ஏறக்குறைய 2.8 மடங்காகும். சுவிட்சு கருகுவதும், பல்பு ஹோல்டர் உருகுவதும் இதனாலேயே.

இவ்வளவு இடருக்கும் கிடைக்கும் பயன் என்ன? தூரம் செல்லச் செல்ல ஒளியின் செறிவு தூரத்தின் இருமடிக்கேற்பக் குறைகிறது. ஆகவே ஒளியை இரு மடங்காக்கினாலும் அதே அளவு வெளிச்சம் கிடைக்கும் தூரம் 1.4 மடங்கே கூடும். நீலச்சாயம் பூசிய பல்புகள் இன்னும் வேடிக்கையானவை. அச்சாயம் ஒளியின் ஒரு பகுதியை வடிகட்டிவிடுகிறது. பார்வைக்கு வெண்மையாகத் தோன்றினாலும் சாலைக்குக் கிடைப்பது குறைவே.

ஹாலஜனுக்கென அமைந்த விளக்கில் செனான் அல்லது எல்.இ.டி. பல்பைச் செருகுவோரும் உண்டு. அவற்றின் ஒளிமூலம் இழையின் அளவிலும் இடத்திலும் சரியாகப் பொருந்தாவிட்டால், கோட்டிற்கு மேலேயும் ஒளி சிதறும். அருகில் பளிச்சென்று தெரியும், தொலைவில் தெரியாது, எதிரே வருபவருக்குக் கண் கூசும். குற்றம் எல்.இ.டி.யினுடையது அன்று, பொருத்தமின்மையே குற்றம். ஜெர்மனியில் 2020 முதல், குறிப்பிட்ட வாகனங்களில் சோதித்து ஒப்புதல் பெற்ற எல்.இ.டி. பல்புகளை மட்டும் அந்தந்த வாகனங்களில் மாற்றிக்கொள்ள அனுமதித்திருக்கிறார்கள்.

முதலில் செய்ய வேண்டியவை

செலவு செய்யாமலும் சிறு செலவிலும் ஒளியை மீட்கும் வழிகள் பல உள.

முதலாவது, தூய்மை. சேறும் பூச்சியும் ஒட்டிய கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்தாலே வேறுபாடு தெரியும். இக்காலக் கார்களின் விளக்குமுகப்பு பிளாஸ்டிக்கால் ஆனது. வெயிலின் புற ஊதாக் கதிர்களால் அது மஞ்சளித்து மங்கிவிடும். நயமான உப்புத்தாளும் பாலீஷும் கொண்டு தேய்த்து, மேலே காப்புப் பூச்சு இட்டால் தெளிவு திரும்பும். காரின் முன்கண்ணாடியை உட்புறமும் துடைக்க மறக்கலாகாது.

இரண்டாவது, மின் அழுத்தம். ஹாலஜன் பல்புக்குச் செல்லும் அழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் ஒளி ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்துவிடும். பழைய கார்களில் மெல்லிய வயரும் தேய்ந்த சுவிட்சும் இவ்விழப்பை உண்டாக்கும். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, பாட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வழியாகத் தடித்த வயர் இழுத்தால், அதே 60 வாட் பல்பு தன் முழு ஒளியைத் தரும். புதிய பல்பு மாற்றும்போது அதன் கண்ணாடியை விரலால் தொடக்கூடாது. விரலின் எண்ணெய்ப்பசை சூட்டில் பல்பைக் கெடுத்துவிடும்.

மூன்றாவது, ஒளியின் சாய்வு. சமதரையில், டயர்களில் சரியான காற்றுடன், சுவருக்கு 10 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்தவேண்டும். விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், சுவரில் டிம் ஒளியின் கோடு 55 சென்டிமீட்டர் உயரத்தில் விழவேண்டும். அதாவது 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் தாழ்வு. இக்கணக்கின்படி அவ்வொளி 65 மீட்டர் தொலைவில் தரையைத் தொடும்.

இனி மற்றொரு கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர், ஆபத்தைக் கண்டு ஒரு விநாடியில் பிரேக்கை மிதித்தாலும், நல்ல உலர்ந்த சாலையில் கார் நிற்க ஏறக்குறைய 63 மீட்டர் ஆகும். 100 கிலோமீட்டர் வேகமாயின் ஏறக்குறைய 92 மீட்டர் வேண்டும். டிம் ஒளியின் எல்லையோ 65 மீட்டர். பல்பை எவ்வளவு பெரிதாக்கினாலும் இவ்வெல்லை நீளாது. ஏனெனில் இதனை நிர்ணயிப்பது சாய்வேயன்றி வாட் அன்று. ஒளியை உயர்த்தினாலோ அது எதிரே வருபவரின் கண்ணில் விழும். ஆகவே குறைக்கவேண்டியது வேகமே.

குடும்பத்துடன் பயணம் செய்வோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பின் இருக்கையில் மூவர் அமர்ந்து, டிக்கியில் பெட்டிகளும் ஏறினால் காரின் பின்புறம் தாழும். முன் பின் சக்கரங்களுக்கிடையே 250 சென்டிமீட்டர் உள்ள காரில் பின்புறம் 5 சென்டிமீட்டர் தாழ்ந்தால், ஒளி 100க்கு 2 என்ற கணக்கில் மேலே எழும். அப்போது 50 மீட்டர் தொலைவில் அது 115 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். எதிர்க்காரை ஓட்டுபவரின் கண்மட்டம் ஏறக்குறைய அதுவேதான்! இதற்கெனவே பல கார்களில் ஸ்டியரிங் அருகே 0, 1, 2, 3 என்று எண் குறித்த சிறு திருகி உள்ளது. சுமை கூடும்போது எண்ணைக் கூட்டினால் ஒளி தாழும். நம் வீட்டுக் காரில் அது எங்கேயிருக்கிறது என்று தேடிப் பார்ப்போமாக.

மூடுபனியில்

கொடைக்கானல், உதகை மலைப்பாதைகளில் மேகம் இறங்கும்போது பிரைட் போட்டால், எதிரே வெள்ளைச் சுவர் எழுந்தது போலாகும். பனித்துளிகள் ஒளியை நம் கண்ணுக்கே திருப்பி அனுப்புவதே காரணம். அதனால்தான் ஃபாக் லைட்டைத் தாழ்வாகப் பொருத்துகிறார்கள். அதன் ஒளி அகன்றும், மேலெழாமலும், நம் பார்வைக் கோட்டிற்குக் கீழாகவும் சென்று சாலையின் விளிம்பைக் காட்டும். அதைக் காரின் கூரையிலோ பம்பரின் மேலோ உயர்த்திப் பொருத்தினால் பயன் கெடும்.

மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும் என்பது பலரின் நம்பிக்கை. காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியை மிகுதியாகச் சிதறடிக்கும் என்பது உண்மையே. வானம் நீலமாவது அதனால்தான். ஆனால் பனித்துளியோ ஒளியின் அலைநீளத்தைப் போல் இருபது மடங்கும் அதற்கு மேலும் பெரியது. அது எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே சிதறடிக்கும். பிரான்சு நாட்டில் 1993 வரை மஞ்சள் முகப்பு விளக்குகளே சட்டப்படி கட்டாயமாக இருந்தன, பின்னர் அவ்விதி நீக்கப்பட்டது. மஞ்சள் ஒளி சிலருக்குக் கண் கூசாமல் இதமாக இருக்கலாம், ஆனால் பனியை விலக்கும் மந்திரம் அதில் இல்லை.

பனியில்லாத இரவில் ஃபாக் லைட்டை எரியவிடுவதும் தவறு. காரின் முன்னே தரை மிகவும் ஒளிர்ந்தால் கண்ணின் பாவை சுருங்கி, தொலைவில் உள்ளது தெரியாமற்போகும்.

எதிரே வருபவரும் நம்மவரே

நம் கண் இருளுக்கு முழுமையாகப் பழக அரைமணி நேரம் வரை ஆகும். அப்பழக்கத்தை ஒரு கணப் பேரொளி குலைத்துவிடுகிறது. வயது ஏற ஏறக் கண் மீளும் நேரமும் கூடும். மூன்று விநாடி கண் இருண்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் 50 மீட்டர் தூரத்தைக் குருடாகவே கடக்கும்.

ஆகஸ்ட் 29 அன்று வேளாங்கண்ணியில் கொடி ஏறுகிறது. செப்டம்பர் 8 அன்று அன்னையின் பிறப்பு விழா. அந்நாள்களில் காவி உடுத்திய மக்கள் குழந்தைகளுடன், செபமாலை சொல்லிக்கொண்டு, இரவெல்லாம் சாலையோரம் நடந்து செல்வதை நாம் கண்டிருக்கிறோம். நம் காரின் அளவுமீறிய ஒளி அவர்களை இடிக்காது. ஆனால் அது எதிரே வரும் ஓட்டுநரின் கண்ணை மறைக்கும். அவருடைய இடப்புறத்தில் அந்த 50 மீட்டரில் நடந்து செல்வோரை அவர் காணமாட்டார். விபத்து நேர்ந்தபின் நாம் வெகுதூரம் போயிருப்போம். நம் விளக்கே அதற்குக் காரணம் என்பது நமக்குத் தெரியவும் வராது.

இதனாலேயே 1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், முகப்பு விளக்கின் ஒளி எதிரிலுள்ளவரின் கண்ணைக் கூசச் செய்யாதவாறு தாழ்ந்திருக்க வேண்டும் என்று கூறுகின்றன. சட்டம் பிடிக்காத இடத்திலும் மனச்சான்று உண்டு. எதிரே வண்டி தெரிந்தவுடன் டிம் செய்வது அச்சத்தால் அன்று, அன்பால் செய்யவேண்டிய செயல். நடந்து செல்வோரும் வெண்ணிற ஆடை அணிந்து, ஒளி பிரதிபலிக்கும் பட்டையைத் தோளிலும் பையிலும் ஒட்டிக்கொள்வது நலம். நடைபாதை இல்லாத இடத்தில் எதிர்வரும் வாகனங்களைப் பார்த்தவாறு, வலப்புற ஓரமாக வரிசையாகச் செல்லலாம்.

தோழியரே! கார் ஓட்டும் வயது நமக்கு இன்னும் வரவில்லை. ஆயினும் பயணத்திற்கு முதல் நாள் மாலை ஒரு வாளித் தண்ணீரும் துணியும் எடுத்து விளக்குகளைத் துடைக்க நம்மால் முடியும். அளவுகோலுடன் சுவரருகே நின்று, கோடு எங்கே விழுகிறது என்று அப்பாவிற்குச் சொல்ல முடியும். பெட்டிகளை ஏற்றியபின் "திருகியைத் திருப்பினீர்களா அப்பா?" என்று கேட்கவும் முடியும். விளக்கு நம்முடையதுதான், ஆனால் அதன் வெளிச்சம் விழும் சாலை எல்லாருக்கும் உரியது. நாமும் வழி காண்போம், பிறர் வழியையும் மறைக்காதிருப்போம்.